எந்த வண்டியில் சேர்ப்பது? இணையக் கடையைத் திருத்திய கதை

பதுளை பசார் வீதியில் நான் மின்சாதனக் கடை வைத்து முப்பது வருடங்களாகின்றன. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பசறை, லுணுகலை, மடூல்சீமை, தெமோதரைப் பக்கத்துத் தோட்ட மக்கள். ஒருநாள் மடூல்சீமைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பொருள் வாங்க அல்ல. கையடக்கத் தொலைபேசியை என் முன்னால் நீட்டி, "முதலாளி, இதுல 'வண்டியில் சேர்'னு போட்டிருக்கு. எந்த வண்டி? லொறிக்கூலி நாங்க குடுக்கணுமா?" என்று கேட்டார்.

அவர் காட்டியது, நான் முகவராக இருக்கும் கம்பனியின் இணையக் கடை. பொருள் சலவை இயந்திரம். விலை என் கடையை விடக் குறைவு. எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தேன். கையில் பணம் இருந்தும், ஆசை இருந்தும் அவரால் வாங்க முடியவில்லை. அந்த வியாபாரம் கம்பனிக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை.

கொஞ்ச நாளில் அதே கம்பனி இணையக் கடையைப் புதிதாக அமைக்கப் போவதாகச் சொல்லி முகவர்களைக் கூட்டத்துக்கு அழைத்தது. "நமக்குக் குழி வெட்டுகிறார்கள், நாம் ஏன் மண்வெட்டி கொடுக்க வேண்டும்?" என்று சில நண்பர்கள் போகவில்லை. நான் மகனையும் அழைத்துக்கொண்டு போனேன்.

அங்கே நிறத்தைப் பற்றியும் படங்களைப் பற்றியும்தான் அதிகம் பேசினார்கள். எனது முறை வந்தபோது தையல் இயந்திரத்தின் கதையைச் சொன்னேன். சிங்கர் கம்பனி 1851 இல் அமெரிக்காவில் ஆரம்பமானது. இலங்கைக்கு 1877 இல் வந்தது. 2017 இல் ஹேலீஸ் குழுமம் அதன் இலங்கைக் கம்பனியை வாங்கியது. இத்தனை காலம் அது நிலைத்ததற்கு இயந்திரம் மட்டும் காரணமல்ல. 1850களிலேயே தவணை முறையில் கொடுத்தார்கள். இயந்திரத்தை ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள். பழுதானால் திருத்திக் கொடுத்தார்கள். தவணை, விளக்கம், திருத்தம் ஆகிய இந்த மூன்றும் இல்லாத இணையக் கடை வெறும் படப் புத்தகம்தான் என்றேன்.

பின்னர் எங்கள் ஊர் நிலைமையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

முதலாவது மொழி. ஆங்கிலத்தில் 'கார்ட்' என்பதை யாரோ இயந்திரத்திடம் கொடுத்து 'வண்டி' ஆக்கியிருந்தார்கள். பணம் செலுத்தும் இடத்தில் 'வெளியேறு' என்று இருந்தது. வெளியேறு என்றால் சனம் வெளியேறத்தானே செய்யும்? 'கூடையில் போடுங்கள்', 'பணம் செலுத்துங்கள்' என்று எழுதினால் போதும்.

இரண்டாவது முகவரி. படிவத்தில் வீட்டு இலக்கம், வீதியின் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. லயன் வீடுகளுக்கு ஏது வீதிப் பெயர்? பல தோட்டங்களில் கடிதமே தோட்ட அலுவலகத்துக்குத்தான் போகும். தோட்டத்தின் பெயர், பிரிவு, லயன், தொலைபேசி இலக்கம் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது செலவு. வழங்கற் கட்டணம் கடைசிப் பக்கத்தில்தான் தெரிந்தது. தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 2024 இல் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. திடீரென்று 1,500 ரூபா கூடினால், அது அந்த 2024 சம்பளத்தின்படி ஒருநாள் உழைப்புக்கும் மேல். இது ஏழைகளின் பிரச்சினை மட்டுமல்ல. இணையக் கொள்வனவை ஆராயும் பேமார்ட் நிறுவனத்தின் கணக்குப்படி, கூடையில் பொருளைப் போடுபவர்களில் நூற்றுக்குச் சுமார் 70 பேர் வாங்காமலே போகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்களில் முதலில் நிற்பது, கடைசியில் வந்து சேரும் மேலதிகச் செலவு.

நான்காவது மின்சாரம். பழைய லயன் காம்பறாக்களில் வயர் மெல்லியது. இந்தப் பொருள் எத்தனை வோட்ஸ் இழுக்கும், தனியாக பிளக் வேண்டுமா என்பதை நாங்கள் கடையில் வாயால் சொல்லித்தான் விற்கிறோம். இணையத்தில் அது ஒரு மூலையில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது.

ஐந்தாவதை என் மகன் சொன்னான். மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவு செய்தால்தான் வாங்கலாம் என்று இருந்தது. அவன் ஓர் உதாரணமும் காட்டினான். அமெரிக்காவின் பெரிய கடையொன்றில் இப்படிக் கட்டாயப் பதிவு இருந்ததாம். அதை நீக்கி, 'தொடருங்கள்' என்ற பொத்தானை வைத்தார்கள். வாங்குவோர் தொகை 45 வீதத்தால் கூடியது. முதல் வருடத்தில் மேலதிக விற்பனை 30 கோடி டொலர் என்று ஜாரெட் ஸ்பூல் என்ற நிபுணர் எழுதியிருக்கிறார். எங்கள் மக்களிடம் மின்னஞ்சல் இல்லை, தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அது போதாதா?

கடைசியாக எனது கோரிக்கையை வைத்தேன். லொறி மலையேறாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோது, மண்சரிவால் பதுளை மாவட்டத்துப் பாதைகள் துண்டிக்கப்பட்டதை எல்லோரும் கண்டோம். அப்படியான நாளிலும் 'மூன்று நாளில் வீட்டில்' என்ற வாசகம் மாறாமல் இருந்தால் பெயர் கெட்டுவிடும். ஆகவே, பொருளைப் பெற்றுக்கொள்ளும் இடமாக முகவரின் கடையையே காட்டுங்கள். பொருளை நாங்கள் திறந்து, ஓட்டிக் காட்டி, உத்தரவாத அட்டையில் முத்திரை வைத்துக் கொடுக்கிறோம். எங்களுக்கு ஒரு சிறு கழிவு தாருங்கள்.

எல்லாம் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தமிழ் திருந்தியது. முகவரிப் படிவம் மாறியது. கட்டணம் முதல் பக்கத்துக்கு வந்தது. பெற்றுக்கொள்ளும் இடமாக எனது கடையின் பெயரும் இருக்கிறது. ஆனால் தவணையில் வாங்கினால் கடைசியில் மொத்தம் எவ்வளவு என்பதை இன்னும் ரொக்க விலைக்குப் பக்கத்தில் போடவில்லை. அதையும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கடனில் வாங்குபவனுக்கு முழுக் கணக்கையும் முதலிலேயே சொல்வதுதான் நியாயமான வியாபாரம்.

கழிவு பெரிய தொகை அல்ல. ஒரு பெட்டியை விற்று வரும் இலாபத்தில் பாதிகூட இல்லை. ஆனால் பெட்டியை எடுக்க வருபவர் குழாயும் பிளக்கும் நம்மிடம் வாங்குகிறார். பழுதானால் நம்மிடமே வருகிறார்.

சகோதர வர்த்தகர்களே, இணையக் கடையை நாம் தடுக்க முடியாது. அதனுடன் விலையில் போட்டி போடவும் முடியாது. ஆனால் கல்லாவில் இருந்து நாம் தினமும் பதில் சொல்லும் கேள்விகள் அதற்குத் தெரியாது. ஒரு கொப்பியை எடுத்து, வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் ஒரு மாதத்துக்கு எழுதி வையுங்கள். கம்பனி கூப்பிடும்போது அதைக் கொண்டு போங்கள். கூப்பிடாவிட்டால், உங்கள் சொந்த இணையப் பக்கத்துக்கு அது உதவும்.

அந்தப் பெண் சலவை இயந்திரத்தை இணையத்தில் வாங்கி, என் கடையில் வந்து பெற்றுக்கொண்டார். "வண்டி எங்க முதலாளி?" என்று சிரித்தார். மகன் ஓட்டோ பிடித்து ஏற்றிவிட்டான். கூலி எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தோம்.