பாடவும் புனையவும் கற்றல்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறும் தமிழர், வெண்கலப் பானையையும் குத்துவிளக்கையும் உடன் கொண்டு செல்கின்றனர். அவை இரண்டு மூன்று தலைமுறைகள் தாமாகவே நிலைத்திருக்கும். பாட்டு அவ்வாறு தானாக நிலைப்பதன்று. ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்கு அது இடையறாமல் கைமாறிக்கொண்டே இருத்தல் வேண்டும். மும்பை மாநகரில் பல பத்தாண்டுகளாக இப்பணியைச் செய்து வருபவர்கள், தம் இல்லத்துக் கூடத்தில் பாய் விரித்துச் சுருதிப் பெட்டியுடன் அமரும் தனி இசையாசிரியர்களே. அவர்களிடம் பாடக் கற்பது எவ்வாறு, பாட்டுப் புனையக் கற்பது எவ்வாறு, வெளிமாநிலத் தமிழ்க் குழந்தைக்கு இவ்விரண்டும் ஏன் வேண்டும் என்பதை இங்கே ஆராய்வோம்.

என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மாதுங்காவில் உறவினர் இல்லத்தில் நவராத்திரிக் கொலு. பத்து வயதான என் மகளைப் பாடச் சொன்னார்கள். சுருதி விலகாமல், தாளம் பிசகாமல் பாடினாள். பாட்டு முடிந்ததும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த முதிய அம்மையார் ஒருவர், "பாட்டு நல்லா இருக்கு, கண்ணு. ஆனா எத்தனை கோடி முல்லை பூத்துதுன்னு சொல்லு பார்ப்போம்" என்றார். 'முல்லைக்கொடி' என்று வர வேண்டிய இடத்தில் அவள் 'முல்லைக்கோடி' என்று பாடிவிட்டாள்! கூடியிருந்தோர் சிரித்தனர். குழந்தை என் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் அவளுடைய பாட்டு நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். பாடல்கள் அனைத்தும் தேவநாகரி எழுத்தில் இருந்தன. பள்ளியில் அவள் கற்றவை ஆங்கிலம், இந்தி, மராத்தி ஆகியவையே. பள்ளிகளில் கற்பிக்கப்படும் தேவநாகரி நெடுங்கணக்கில் எகரக் குறிலுக்கும் ஒகரக் குறிலுக்கும் தனி எழுத்து இல்லை. ஏகாரமும் ஓகாரமும் மட்டுமே உண்டு. ஆகவே கொடியும் கோடியும், எடுவும் ஏடும், பெறுவும் பேறும் அந்த எழுத்தில் ஒன்றாகிவிடும். மராத்தியில் ளகரம் உண்டு. ஆயினும் ழகரத்துக்கும் றகரத்துக்கும் குழந்தை அறிந்த எழுத்து ஏதுமில்லை. ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்வோர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. லகரமும் ளகரமும், பலர் எழுதும் முறையில் ழகரமும், அங்கே ஒரே எழுத்தில் அடங்கிவிடுகின்றன. ஒரு மொழியிலுள்ள கருத்தை மற்றொரு மொழியில் ஏற்றுவதையே அலுவலாகக் கொண்ட நான், என் வீட்டிலேயே தமிழ் இவ்வாறு கரைவதைக் கவனியாதிருந்தேன்!

மறுநாள் இதனை ஆசிரியையிடம் கூறினேன். அவர் குழந்தையைக் கடியவில்லை. புதிய நோட்டு ஒன்றைக் கொடுத்து, "இனி ஒவ்வொரு பாட்டையும் தமிழ் எழுத்தில் எழுதிவந்து காட்டினால்தான் அடுத்த பாட்டு" என்றார். அதற்கு ஆறு திங்கள் ஆயின. அந்த ஆறு திங்களில் பாட்டோடு தமிழ் நெடுங்கணக்கும் அவளுக்கு வசமாயிற்று.

பாட்டுப் பயிற்சியின் ஒழுங்கை நேயர்களில் பலர் அறிவர். மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம். அதன்பின் கீதம், ஸ்வரஜதி, வர்ணம், கீர்த்தனை. இம்முறையை வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பர். அவர் கன்னடத்தில் பாடியவர். அவருடைய முத்திரையோ 'புரந்தர விட்டல' என்பது. விட்டலனின் திருத்தலமாகிய பண்டரிபுரம் மகாராஷ்டிரத்தில் உள்ளது. எனவே மும்பையில் ஸ, ரி, க, ம என்று தொடங்கும் தமிழ்க் குழந்தை, தான் வாழும் நாட்டுக்கு முற்றும் அயலான ஒன்றைக் கற்பதாகக் கருத வேண்டுவதில்லை.

இந்த உறவு ஒருவழிப் பாதையும் அன்று. தஞ்சையை 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை ஆண்டவர்கள் மராட்டிய மன்னர்கள். அவர்களுடைய அவையில் தமிழும் தெலுங்கும் மராத்தியும் வடமொழியும் கலந்து ஒலித்தன. மராத்திக் கீர்த்தனக்காரர்கள் தஞ்சைக்கு வந்து கதை சொல்லிய முறையைக் கண்டு, 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தமிழ் ஹரிகதையைச் செப்பம் செய்தார். சாகி, திண்டி, ஓவி, அபங்கம் முதலிய மராத்திப் பாட்டு வகைகள் அவ்வழியாகத் தமிழ்க் கதாகாலட்சேபத்தில் இடம் பெற்றன. அண்டை வீட்டு மராத்திப் பாட்டியின் ஓவியைக் கேட்டு வளரும் தமிழ்க் குழந்தைக்கு அது இடையூறு ஆகாது, செல்வமே ஆகும்.

மும்பையின் தனி ஆசிரியர்கள் ஆக்கிய பயனுக்குச் சான்றுகள் பல. பம்பாய் சகோதரிகள் எனப் புகழ் பெற்ற சரோஜா, லலிதா இருவரும் இந்நகரில் எச். ஏ. எஸ். மணி அவர்களிடம் தொடக்கப் பயிற்சி பெற்று, பின்னர் முசிரி சுப்பிரமணிய ஐயரிடமும் டி. கே. கோவிந்தராவிடமும் கற்றனர். இவர்களுள் லலிதா 2023-இல் காலமானார். 1952-இல் இந்நகரில் பிறந்த அருணா சாய்ராம் தம் அன்னையிடம் தொடங்கி, வீணை தனம்மாளின் பேர்த்தியாகிய டி. பிருந்தாவிடம் பயின்றார். தமிழ்ப் பாடலோடு மராத்தி அபங்கத்தையும் கச்சேரி மேடையில் நிலைநாட்டிய பெருமை அவருடையது. டி. ஆர். பாலாமணி அவர்களிடம் கற்றவர்களுள் பாம்பே ஜெயஸ்ரீயும், செம்பூரில் வளர்ந்த திரைப்படப் பாடகர் சங்கர் மகாதேவனும் உளர்.

மேடையும் சபையும் இதற்குத் துணை நின்றன. 1952-இல் தோன்றிய சண்முகானந்த சங்கீத சபையின் பெரிய அரங்கம் 1963-இல் கிங்ஸ் சர்க்கிள் அருகே திறக்கப்பெற்றது. 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் எழுந்தது. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி இயங்குகின்றது. ஆயினும் அரங்கில் நிறையும் இசை, முதலில் சிறு குடியிருப்புகளின் கூடங்களில் முளைத்தது என்பதை மறத்தல் ஆகாது.

இனிப் பாட்டுப் புனைதலுக்கு வருவோம். பெற்றோர் பலர், "பாடினால் போதாதா? எழுதுவதெல்லாம் பெரும்புலவர் வேலையன்றோ?" என்று வினவுகின்றனர். இல்லை. பிறர் எழுதிய பாட்டைப் பொருள் அறியாமலும் பாடிவிடலாம். தாமே ஓர் அடியை எழுத முனைந்தால், சொல்லின் பொருளையும் எழுத்தின் அளவையும் அறிந்தே தீர வேண்டும். ஆகவே புனைதல், கற்ற தமிழுக்கு வைக்கும் உரைகல் ஆகும்.

நோட்டைத் தமிழில் எழுதி முடித்த பின், ஆசிரியை என் மகளை ஒரு பல்லவி எழுதி வருமாறு பணித்தார். மூன்று நாள் முயன்று அவள் எழுதிய அடி இது: "அலைகடல் ஓரத்தில் அன்னைமொழி கேட்டேன்." முதற்சீரும் மூன்றாம் சீரும் அகரத்தில் தொடங்குகின்றன. இதுவே மோனை. அது அவளுக்குத் தற்செயலாக அமைந்தது. அனுபல்லவியையோ 'மனத்தில்' என்று தொடங்கியிருந்தாள். "எதுகை எங்கே?" என்றார் ஆசிரியை. முதலெழுத்து அளவில் ஒத்து, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் அந்தப் பொருத்தம் இருத்தல் கீர்த்தனைக்கு அழகு. கலை, மலை, நிலை, விலை என்று அடுக்கிப் பார்த்து அவள் மறுநாள் கொணர்ந்த அடி: "விலையிலாச் செல்வமென வீட்டினில் வைத்தேன்." அலை, விலை என எதுகை, விலை, வீடு என மோனை, கேட்டேன், வைத்தேன் என இறுதியில் இயைபு.

அடுத்து ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் அதனை அமைக்கும் முறை வந்தது. அவள் மெட்டு 'மொழி' என்ற சொல்லின் முதலெழுத்தில் நீண்டது. ஆசிரியை நிறுத்தி, "மொழி மோழியாகிறது, கேள். நீட்ட வேண்டுமானால் 'ஓரத்தில்' உள்ள ஓகாரத்தில் நீட்டு. 'கேட்டேன்' என்பதில் ஏகாரத்தில் நீட்டு. நெடில் நீட்டத்தைத் தாங்கும், குறில் தாங்காது" என்றார். கொடி கோடியான கதை அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே திருத்தினாள். சொல்லை எங்கே பிரித்து மூச்சு வாங்குவது, ஒரு பல்லவியில் ஒரே கருத்தை எவ்வாறு நிறுத்துவது, சரணத்தில் அதனை எவ்வாறு விரிப்பது என்பனவெல்லாம் இவ்வாறு எதிரில் அமர்ந்து, பாடிக் காட்டித் திருத்தப்பெறும் நுட்பங்கள்.

சொல்லும் இசையும் ஒருவரே அமைக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. பாபநாசம் சிவன் (1890–1973) இரண்டிலும் வல்லவர். அம்புஜம் கிருஷ்ணாவின் (1917–1989) பாடல்களுக்கு இசை வல்லோர் பலர் மெட்டமைத்தனர். தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராகப் பணியாற்றிய பெரியசாமித் தூரன் (1908–1987), அப்பெரும்பணியோடு கீர்த்தனைகளும் இயற்றினார். அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கு அவர் வாழ்வு ஊக்கம் தருவதாகும். அண்மைக் காலத்தில், 'லைஃப் ஆஃப் பை' (2012) திரைப்படத்துக்குப் பாம்பே ஜெயஸ்ரீ தமிழில் எழுதிப் பாடிய தாலாட்டு, 2013-இல் ஆஸ்கார் விருதுக்கான மூலப்பாடல் பிரிவில் இடம்பெற்றது. தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்த ஒருவரின் தமிழ்ச் சொற்கள் உலக மேடையை எட்டின.

மாதுங்காவையும் செம்பூரையும் மட்டும் கூறி முடித்தால் உரை குறையுடையதாகும். சயனுக்கும் மாகிமுக்கும் இடையே அமைந்த தாராவியில், தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழரின் வழித்தோன்றல்கள் பெருந்திரளாக வாழ்கின்றனர். அங்குள்ள இளைஞர் பலருக்குச் சபையும் எட்டவில்லை. ஆசிரியரின் மாதக் கட்டணமும் எட்டவில்லை. ஆயினும் அவர்கள் பாட்டை விடவில்லை. 'ராப்' எனப்படும் சொல்லிசையைத் தமிழில் புனைகின்றனர். தாராவியைக் களமாகக் கொண்ட 'காலா' (2018) திரைப்படத்தில், சந்தோஷ் நாராயணன் இசையில் அங்குள்ள 'டோபடெலிக்ஸ்' குழுவினரின் தமிழ்ச் சொல்லிசை ஒலித்தது. எதுகையும் மோனையும் இயைபுமே சொல்லிசைக்கும் முதுகெலும்பு. இலக்கணம் கேளாமலே செவியால் அவற்றைப் பிடித்த இவர்களுக்கு, குறைந்த கட்டணத்தில் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் வாய்த்தால் எத்துணை நன்மை விளையும்! கிங்ஸ் சர்க்கிளுக்கும் தாராவிக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதே. அதனைக் கடப்பது சபைகளின் கடமை எனக் கூறத் துணிகிறேன்.

பெற்றோர்க்குச் சில சொற்கள். ஆசிரியரைத் தேரும்போது அவர் மேடைப்புகழை மட்டும் நோக்காதீர்கள்; அவர் சொல்லைத் திருத்துகிறாரா என்று நோக்குங்கள். ஓராண்டில் அரங்கேற்றம் என்று விரைவோரிடம் எச்சரிக்கை தேவை. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், மூன்று உருப்படிகளை மனப்பாடம் செய்து மேடையேறிய சிறுவன், நான்காவதைக் கற்கும் அடிப்படையின்றிப் பாட்டையே விட்டுவிட்டான். நோட்டு முதல் நாளிலிருந்தே தமிழ் எழுத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டின் கீழும் அதன் பொருளைக் குழந்தை தன் சொல்லில் இரண்டு வரி எழுதட்டும். ஆசிரியர் இல்லாத ஊர்களில் வாழ்வோர்க்கு இணையவழிப் பாடம் இன்று கைகொடுக்கின்றது. எனினும் ஒலி சற்றே தாமதித்து வருவதால், குருவும் மாணாக்கரும் அதில் ஒருங்கே சேர்ந்து பாட இயலுவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறையேனும் விடுமுறையில் நேரில் அமர்ந்து கற்பது நன்று.

சென்ற நவராத்திரியில் அதே மாதுங்கா இல்லத்துக்குச் சென்றோம். அந்த முதிய அம்மையாரும் வந்திருந்தார். மகள் தான் எழுதிய பல்லவியையும் அனுபல்லவியையும் பாடினாள். சரணம் இன்னும் எழுதி முடியவில்லை. அம்மையார் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "இது யார் பாட்டு, கண்ணு?" என்று வினவினார். "என் பாட்டு, பாட்டி" என்றாள். அவர் ஒன்றும் கூறாமல் தட்டிலிருந்த சுண்டலை எடுத்து அவள் கையில் வைத்தார். பின்னர், "மிச்சத்தையும் எழுதிக்கிட்டு அடுத்த வருஷம் வா" என்றார்.