நீர், நிலம், மதில்: பிரெஞ்சு பிளாண்டர்ஸின் நடைவழிகள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

நாட்டுப்புறத்தில் நடந்து திரிவதன் மகிழ்ச்சி பற்றி எழுதுவது ஆய்வறிவாளருக்குரிய பணியன்று என்ற எண்ணம் எம்மிடையே பரவலாக உள்ளது. நடைவழி ஓய்வு நேரத்தவருக்கு உரியது. நிலவுடைமையும் உற்பத்தி உறவுகளும் ஆய்வாளருக்கு உரியன என இரண்டும் வேறாக்கப்படுகின்றன. இப்பிரிவினை ஏற்கத்தக்கதன்று என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஒரு நிலப்பரப்பை அழகியது எனக் கண்டு நாம் எங்கு நிற்கிறோமோ, அங்குதான் அந்நிலத்தை ஆக்கிய உழைப்பு பெரும்பாலும் எமது பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. அந்த மறைவு எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிவதற்கு நடைவழி தக்கதொரு களமாகும்.

இதனை விளக்குவதற்குப் பிரான்சின் வடகோடியில், டன்கேர்க் துறைமுகத்துக்கும் பெல்ஜிய எல்லைக்கும் இடையிலுள்ள கரையோரச் சமவெளியை எடுத்துக்கொள்கிறோம். டன்கேர்க்கிலிருந்து கால்வாய்க் கரை வழியே ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தெற்கே நடந்தால் பேர்க் என்னும் மதில் சூழ்ந்த சிறுநகரை அடையலாம். அங்கிருந்து கீழ்க்கொல்ம் கால்வாயைத் தொடர்ந்து கிழக்கே சென்றால் ஹொன்ட்ஸ்கோட் என்ற பழைய நெசவு நகர் வரும். அதன் வடக்கே, கடலோர மணற்குன்றுகளை நோக்கி, மொயர் எனப்படும் வடிக்கப்பட்ட சதுப்பு நிலம் விரிகிறது. ஓரிரு நாளில் நடந்து முடிக்கக்கூடிய இவ்வழியில் கால்வாய், சதுப்பு, கோட்டை நகர் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. வழிகாட்டி நூல்கள் இவற்றை மூன்று தனித்தனிக் காட்சிகளாகவே விவரிக்கின்றன. உண்மையில் இவை மூன்றும் ஒரே நீரின் மீது நிகழ்ந்த அதிகாரப் போட்டியின் மூன்று வடிவங்களாகும்.

2

முதலில் இந்நிலத்தின் இயக்கத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். டன்கேர்க், கலே, சென் ஒமேர் ஆகிய மூன்று நகர்களுக்கும் இடைப்பட்ட முக்கோணச் சமவெளி ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. கடற்பெருக்கின்போது இச்சமவெளியின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. மணற்குன்றுகளும் மனிதர் கட்டிய அணைகளும் இல்லையேல் இது கடற்கழியாகவே இருந்திருக்கும். மழைநீர் சிறு வாய்க்கால்களில் சேர்ந்து கால்வாய்களுக்குச் சென்று, கடற்கரை மதகுகளை அடைகிறது. கடல் வற்றும்போது மதகுகள் திறக்கப்படுகின்றன, பெருகும்போது மூடப்படுகின்றன. நாளொன்றுக்கு இரு தடவை கடல் அனுமதிக்கும் சில மணி நேரத்துள் நிலத்தின் நீர் முழுவதும் வெளியேறியாக வேண்டும். அது போதாதவிடத்து நீரை மேலேற்றி இறைக்க வேண்டும். முன்னர் இதைக் காற்றாலைகள் செய்தன, இன்று மின் இறைப்பிகள் செய்கின்றன.

ஆகவே, நடப்பவர் கண்ணுக்கு அசைவற்றுத் தோன்றும் இச்சமவெளி, உழைப்பு ஒரு பருவம் நின்றுபோனாலும் இல்லாமற் போய்விடக் கூடியது. இங்கு நிலம் முதலில் கிடைத்து உழைப்பு பின்னர் வரவில்லை. உழைப்பின் விளைவாகவே நிலம் உண்டாயிற்று.

இவ்வுழைப்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பு மத்திய காலத்திலேயே தோன்றியது. பிளாண்டர்ஸ் கோமகன்களின் ஆதரவோடு மடங்களும் நிலவுடைமையாளரும் சதுப்பை வடித்தனர். 12ஆம் நூற்றாண்டளவில் வாட்டறிங் எனப்படும் நீர்ச்சபைகள் உருப்பெற்றன. வாய்க்கால் தூர்வார்தல், அணை பேணல், அதற்கான வரியை நிலப்பரப்புக்கேற்பப் பகிர்தல் என்பன அவற்றின் கடமைகள். இவற்றை ஆதி மக்களாட்சியின் சின்னங்களாகப் புகழ்வோர் உளர். கூட்டுப் பொறுப்பு என்ற அளவில் அப்புகழ்ச்சியில் உண்மையுண்டு. எனினும் சபையில் இடம் நிலத்தின் வழியே வந்தது என்பதை மறத்தலாகாது. சேற்றில் இறங்கி மண் அள்ளிய கூலியாளுக்கு அங்கு இருக்கை இருக்கவில்லை.

இச்சமவெளியின் மக்கள் எக்காலமும் வாய்மூடிக் கிடந்தவர் அல்லர். 1323 முதல் 1328 வரை கரையோரப் பிளாண்டர்ஸில் நிகழ்ந்த விவசாயிகள் எழுச்சி ஐரோப்பிய மத்திய கால வரலாற்றின் பெரும் எழுச்சிகளுள் ஒன்று. லாம்பெர்னிஸ் ஊரைச் சேர்ந்த நிக்கொலாஸ் சன்னெகின் அதன் தலைவர்களுள் முதன்மையானவர். வரிக்கும் பிரபுக்களின் அடாவடிக்கும் எதிராகத் திரண்ட இம்மக்களைப் பிரெஞ்சு மன்னன் ஆறாம் பிலிப்பின் படை 1328 ஆகஸ்ட் 23இல் கசெல் குன்றின் அருகே முறியடித்தது. தோல்வியின் பின்னர், களத்தில் மடிந்தோரின் உடைமைகளைப் பறிமுதல் செய்வதற்காகப் பெயர்ப் பட்டியல்கள் தயாரிக்கப்பட்டன. ஹென்றி பிரேன் 1900இல் இவ்வெழுச்சி பற்றி வெளியிட்ட ஆய்வில் அப்பட்டியல் இடம்பெற்றுள்ளது. ஆளும் வர்க்கம் சொத்தைக் கைப்பற்ற எழுதிய ஆவணமே ஆயிரக்கணக்கான சாதாரண உழவரின் பெயர்களை எமக்குக் காத்துத் தந்திருக்கிறது. வழியோரப் பலகைகளில் எழுதப்படவேண்டியவை அப்பெயர்களே என நாம் கருதுகிறோம்.

3

மொயர் சதுப்பின் வரலாறு இதைவிட நுட்பமானது. பெரியதும் சிறியதுமாகிய இரு ஏரிகளாகக் கிடந்த இப்பரப்பு, சில இடங்களில் கடல்மட்டத்துக்கு 2 மீற்றருக்கும் கூடுதலாகத் தாழ்ந்தது. ஸ்பானிய ஆட்சிக் காலத்தில், 1620களில், அன்ற்வேர்ப் நகரைச் சேர்ந்த வென்செஸ்லாஸ் கொபேர்கர் அதனை வடித்தார். ஓவியர், கட்டடக் கலைஞர், பொறியியலாளர் எனப் பல துறையினரான இவர், சதுப்பைச் சுற்றி வளையக் கால்வாய் ஒன்றை வெட்டுவித்தார். உட்புற வாய்க்கால்களின் நீரைக் காற்றாலைகள் இவ்வளையத்துக்கு ஏற்றின. அது டன்கேர்க் மதகு வழியே கடலுக்குப் போயிற்று.

இதே கொபேர்கர்தான் ஸ்பானிய நெதர்லாந்தில் பொது அடகு நிலையங்களை நிறுவியவர். முதலாவது 1618இல் பிரசெல்ஸில் திறக்கப்பட்டது. பேர்க் நகரில் அவரது திட்டப்படி எழுந்த அடகு நிலையம் செங்கல்லும் வெண்கல்லும் இழைந்த அழகிய கட்டடம். இன்று அது நகர நூதனசாலை. வட்டிக் கடைக்காரரின் கொடுமையிலிருந்து ஏழைகளைக் காப்பதே இந்நிலையங்களின் அறிவிக்கப்பட்ட நோக்கம். சதுப்பை வடித்துப் புதிய நிலச் சொத்தை உருவாக்கியவரும், நிலமற்றோர் தம் போர்வையை அடகு வைக்கும் இல்லத்தைக் கட்டியவரும் ஒருவரே என்பது தற்செயலன்று. மூலதனம் புதிய துறைகளைத் தேடிய அக்காலத்தில், நீரிலிருந்து நிலத்தைப் பிரிக்கும் முயற்சியும் வறியோரின் கடனை ஒழுங்குபடுத்தும் முயற்சியும் ஒரே பொருளாதார மாற்றத்தின் இரு முகங்களாக இருந்தன.

அந்நூதனசாலையில் ஜோர்ஜ் த லா தூரின் ஓவியம் ஒன்று உள்ளது. பார்வையற்ற நாடோடி இசைஞர் ஒருவர் சக்கர வீணையை இயக்கியபடி நிற்கிறார். காலடியில் சிறு நாய். 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் யுத்தமும் வறுமையும் இத்தகையோரைத் தெருவில் விட்டன. அடகு நிலையமாக இருந்த கட்டடத்துள் இரவலர் ஒருவரின் உருவம் தொங்குவது எவரும் திட்டமிட்டு அமைத்ததன்று. ஆனால் அக்கட்டடத்தின் வரலாற்றை அறிந்து உள்ளே செல்பவர், ஓவியத்தை வெறும் வண்ண நேர்த்தியாக மட்டும் நோக்க மாட்டார். இலக்கியத்திலும் இதுவே எமது முறை: படைப்பின் அழகை மறுப்பதன்று, அதனை அது பிறந்த உலகோடு சேர்த்துக் காண்பது.

4

இனி மதிலுக்கு வருவோம். பேர்க் நகரின் கோட்டைச் சுற்று சுமார் 5 கிலோமீற்றர் நீளமுடையது. மத்திய காலச் சுவரும் கோபுரங்களும், பதினான்காம் லூயியின் பொறியியலாளர் வோபான் சேர்த்த கொத்தளங்களும் அகழிகளும் அதில் கலந்துள்ளன. 1668இல் இந்நகர் ஒப்பந்தப்படி பிரான்சுக்கு உரியதாயிற்று. சமவெளிக் கோட்டையின் முதன்மையான ஆயுதம் பீரங்கியன்று, நீர். கால்வாய்களும் மதகுகளும் கைவசம் இருந்தால் சுற்றுப்புறம் முழுவதையும் வெள்ளத்தில் ஆழ்த்தி எதிரியைத் தடுக்கலாம். பயிரை வாழ்விக்கும் அதே மதகு, வேறொருவர் கையில், பயிரை அழிக்கும்.

மொயர் இதற்குச் சான்று. 1646இல் பிரெஞ்சுப் படை டன்கேர்க்கை முற்றுகையிட வந்தபோது, ஸ்பானிய ஆளுநர் நீரைத் திறந்துவிட்டார். இருபது ஆண்டளவு உழைப்பு மூழ்கியது, நகரும் வீழ்ந்தது. சதுப்பு நெடுங்காலம் ஏரியாகவே கிடந்தது. 18ஆம் நூற்றாண்டில் மீண்டும் வடிப்பு முயற்சிகள் தொடங்கி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நிலைபெற்றன. 1940 மே, ஜூன் மாதங்களில், டன்கேர்க் கரையிலிருந்து நேச நாட்டுப் படைகள் பின்வாங்கியபோது நிலம் மறுபடி வெள்ளமாக்கப்பட்டது. பேர்க் தீப்பற்றி எரிந்தது. 1944இல் ஜேர்மன் படை மீண்டும் அதனை மூழ்கடித்தது. உப்புநீர் வயல்களைக் கெடுத்தது. அவ்வாண்டிலேயே பேர்க் நகரின் மணிக்கோபுரத்தையும் அவர்கள் வெடிவைத்துத் தகர்த்தனர். இன்று நடப்பவர் காணும் கோபுரம் 1961இல் கட்டி முடிக்கப்பட்டது.

இவ்வரிசையில் 1793ஐயும் சேர்த்தே நோக்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியை நசுக்க வந்த கூட்டுப் படைகள் டன்கேர்க்கைச் சூழ்ந்தன. வெள்ளம் நிறைந்த மொயர் அவற்றை இரு கூறாக்கியது. செப்டெம்பர் 6 முதல் 8 வரை ஹொன்ட்ஸ்கோட்டில் நிகழ்ந்த போரில் குடியரசுப் படை வென்றது, முற்றுகை நீங்கிற்று. எனவே நீரை ஆயுதமாக்கியது எப்போதும் பிற்போக்கின் செயலே எனக் கூறுவது எளிமைப்படுத்தலாகும். அது எவ்வரசின் கையில், எந்நோக்கத்துக்குப் பயன்பட்டது என்பதே கேள்வி. ஆயினும் ஒன்று மாறவில்லை. எக்கொடி பறந்தபோதும் மூழ்கிய வயலின் நட்டம் உழவரின் தலையிலேயே விழுந்தது. வோபானே தமது இறுதிக்காலத்தில், 1707இல் வெளியிட்ட நூலில், குடியானவரை நசுக்கும் வரிமுறையை மாற்றுமாறு வேண்டினார். அரசு அந்நூலைத் தடைசெய்தது. அவர் கட்டிய மதில்களைப் போற்றிய அதே அரசு, அவர் கண்ட உண்மையைப் பொறுக்கவில்லை.

5

இவ்வழியின் பெயர்களும் ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. டன்கேர்க் என்பது மணற்குன்றுத் தேவாலயம். பேர்க் என்பது குன்று. மொயர் என்பது சதுப்பு. வளையக் கால்வாய்க்கு றிங்ஸ்லோட் என்றும், வாய்க்காலுக்கு வாட்டர்காங் என்றும் பிரெஞ்சு வரைபடங்களிலும் வழங்குகிறது. இவை யாவும் பிளெமிஷ் மொழிச் சொற்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பாடசாலையிலிருந்து அம்மொழி அகற்றப்பட்டது. இன்று பிரெஞ்சுப் பகுதியில் அதனைப் பேசுவோர் மிகச் சிலரே. எட்மண்ட் த கூஸ்மாக்கேர் 1856இல் வெளியிட்ட பிளெமிஷ் நாட்டார் பாடற் தொகுதி, அம்மக்களின் குரல் மறையுமுன் ஏட்டில் ஏறியதொரு சான்று. பேச்சில் தேய்ந்த மொழி வாய்க்கால்களின் பெயர்களில் எஞ்சியிருப்பது, அவற்றை வெட்டியோர் யார் என்பதற்கும் சான்றாகிறது.

6

இந்நிலத்தில் இன்று நடப்பவர் யார்? கால்வாய்க் கரையின் பாதை உல்லாசத்துக்காக அமைக்கப்பட்டதன்று; அது படகு இழுக்கும் பாதை. குதிரை வாங்க இயலாத படகுக் குடும்பங்கள் மார்பிற் பட்டி கட்டித் தாமே படகை இழுத்தன. பெண்களும் சிறுவரும் அதில் அடங்குவர். அப்பாதையில் இன்று ஓய்வாக நடக்க முடிவதும் ஒரு போராட்டத்தின் பயனே. 1936இல் மக்கள் முன்னணி அரசின் காலத்தில், பெரும் வேலைநிறுத்தங்களின் விளைவாக, பிரெஞ்சுத் தொழிலாளர் ஆண்டுக்கு இரு வாரச் சம்பள விடுமுறையை வென்றனர். 1947இல் நெடுநடைப் பாதைகளுக்கான தேசியக் குழு அமைந்து, சிவப்பும் வெள்ளையுமான அடையாளக் கோடுகள் நாடெங்கும் பரவின. ஆகவே நடைவழிகளை வெறும் பூர்சுவாப் பொழுதுபோக்கு என ஒதுக்குவது தொழிலாளரின் வெற்றியொன்றையே ஒதுக்குவதாகும்.

அதேவேளை, அழகைச் சரக்காக்கும் போக்கையும் நாம் காணத் தவறலாகாது. 2008இல் வெளியாகிப் பிரான்சில் 20 மில்லியனுக்கு மேற்பட்டோர் பார்த்த நகைச்சுவைத் திரைப்படமொன்று பேர்க் நகரில் எடுக்கப்பட்டது. அதன்பின் பயணிகள் பெருகினர். அவர்களிற் பலர் தேடியது திரைப்படக் காட்சிகளையே. நீர்ச்சபையையோ கசெல் களத்தையோ அல்ல.

இக்கேள்வி பழமை பற்றியது மட்டுமன்று. 2023 நவம்பரிலும் 2024 ஜனவரியிலும் இதே சமவெளியின் மேற்குப் பகுதியிலும் அதனையடுத்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் பெருவெள்ளம் ஏற்பட்டு வீடுகளும் வயல்களும் மூழ்கின. மேட்டிலிருந்து இறங்கிய மழைநீரைக் கடலுக்கு உரிய வேகத்தில் அனுப்ப இயலவில்லை. 1977 முதல் பெரும் இறைப்பு வேலைகளை ஒரு பொது நிறுவனம் ஏற்றுள்ளது. ஆனால் கடல்மட்டம் உயர உயர, மதகு திறந்திருக்கும் நேரம் குறைகிறது, இறைக்கும் செலவு கூடுகிறது. அச்செலவை ஏற்பது மேட்டு நகரங்களா, தாழ்நில உழவரா, துறைமுகத் தொழிற்சாலைகளா? எந்த வயல் காக்கப்படும், எது நீருக்கு விடப்படும்? 12ஆம் நூற்றாண்டில் நிலமுடையோர் மட்டும் கூடித் தீர்மானித்த அதே வினா, இன்று அங்கு வாழும் அனைவரின் முன்னும் நிற்கிறது.

நிலத்தை மாறா இயற்கையெனவோ மன்னரின் கொடையெனவோ நம்புவோர் அவ்வினாவைக் கேட்கவும் மாட்டார். அது கூட்டு உழைப்பால் ஆனது, கூட்டு முடிவாலேயே நிலைக்கக்கூடியது என அறிந்தோரே கேட்பர். கால்வாய்க் கரையில் நடப்பவருக்கு அவ்வறிவைத் தருவது வரலாற்றாசிரியரின் பணி மட்டுமன்று. இலக்கியத்தையும் கலையையும் சமூகத்தோடு சேர்த்துப் பயில்வோர் அனைவரதும் பணியாகும்.