தங்கம் தேடிப் போன பாதை, கூலி தேடி வரும் ரயில்

பெங்களூரிலிருந்து கோலார் தங்க வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போக இரண்டரை மணி நேரம் போதும். ஹொஸ்கோட்டே, நரசாபுரா, கோலார், பங்காருபேட்டை என்று இடையில் டீக்கடைகளுக்கும் குறைவில்லை. 2018-ல் 'கே.ஜி.எஃப்.' சினிமா வந்த பிறகு, சயனைடு மேடுகளைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. நிஜமாகவே வண்டி கட்டிக்கொண்டு இதே திசையில் ஒருவர் கிளம்பியது 1871-ல். அது மாட்டு வண்டி.

அவர் பெயர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லாவெல். அயர்லாந்துக்காரர். நியூசிலாந்தில் மவோரி மக்களுக்கு எதிரான போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் சண்டையிட்டுவிட்டு, பெங்களூர் கன்டோன்மென்டில் ஓய்வாகக் குடியேறியவர். நியூசிலாந்து அப்போது தங்க வேட்டையில் கிறங்கிக் கிடந்த நாடு. அந்தக் காய்ச்சல் அவரையும் தொற்றியிருந்தது. ஓய்வுக்கால வாசிப்பில் அவர் கையில் சிக்கியது, 1804-ல் வெளியான நாலு பக்கக் கட்டுரை ஒன்று.

கட்டுரையை எழுதிய லெப்டினன்ட் ஜான் வாரன், திப்பு வீழ்ந்த பின் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்கப் போனவர். அங்கே மண்ணில் தங்கம் கிடைப்பதாகப் பேச்சு. காட்டுபவர்களுக்கு வெகுமதி என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் ஒரு வண்டி மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கழுவினார்கள். அடியில் பொன் துகள் மினுங்கியது. மாரிக்குப்பத்தில் ஆட்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை உடைத்துக்கொண்டிருந்ததையும் அவர் பார்த்தார். தங்க வயலை வெள்ளைக்காரர் 'கண்டுபிடித்த' கதையின் லட்சணம் இதுதான். கண்டவர் வாரன், காட்டியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

வாரனுக்குப் பின் பலர் முயன்று கைவிட்ட வேலையைத்தான் லாவெல் எடுத்தார். சுமார் 60 மைல் பயணம். நாளொன்றுக்கு 15 மைல் போனாலே பெரிய விஷயம் என்கிற வேகம். போய்ச் சேர்ந்து, தோண்டக்கூடிய இடங்களைத் தேடுவதில் இரண்டு வருஷம் ஓடியது. 1873-ல் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டார். 1875-ல் 20 வருஷக் குத்தகை கிடைத்தது. ஆனால் தங்கம் தோண்டப் பணம் வேண்டும். லாவெலிடம் அது இல்லை. 1877-ல் மேஜர் ஜெனரல் பெரெஸ்ஃபோர்டு தலைமையிலான கூட்டு ஒன்றுக்கு உரிமையை மாற்றிக் கொடுத்தார். 1880-களில் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்த பிறகே உண்மையான தங்கம் வெளிவரத் தொடங்கியது. லாவெலின் பெயர் மிஞ்சியிருப்பது பெங்களூரில், நிலத்தின் விலை கேட்டால் மூச்சு முட்டும் லாவெல் ரோட்டில்.

வண்டியேறி வந்தவரை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. பின்னாலேயே வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தவர்களைத்தான் சௌகரியமாக மறந்துவிட்டது. பஞ்சமும் நிலமின்மையும் துரத்திய தலித் மக்களே அவர்களில் பெரும்பாலோர். அவர்களைப் பற்றி பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' சினிமாவாகப் பேசுவதற்குக்கூட 2024 வரவேண்டியிருந்தது.

1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருபேட்டை) மாரிக்குப்பத்துக்குக் கிளை ரயில் பாதை வந்தது. 1902-ல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே 1905-ல்தான் விளக்கெரிந்தது! தொழிலாளியின் பயணமோ கீழ் நோக்கியது. கூண்டில் ஏறி, இறங்கி, மறுபடி வேறு கூண்டில் இறங்கி, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எந்த நேரமும் பாறை வெடித்துச் சிதறலாம். தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸாகத் தங்கிவிடும். இப்படி 120 வருஷத்தில் வெளியே வந்த தங்கம் சுமார் 800 டன்.

1956-ல் மைசூர் அரசும் பிறகு 1962-ல் மத்திய அரசும் சுரங்கங்களை எடுத்துக்கொண்டன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயர் வந்தது. தாதுவின் தரம் குறைந்துகொண்டே போனது, செலவு ஏறிக்கொண்டே போனது. 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள்.

அதன் பின் பயணம் திசை மாறியது. தங்கத்துக்காகப் போட்ட அதே கிளைப் பாதையில், மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று சுரங்கங்களின் பெயர் தாங்கிய ஸ்டேஷன்களில், விடிவதற்கு முன்பே கூட்டம் நிற்கிறது. பங்காருபேட்டை, மாலூர், ஒயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம் என்று பெங்களூர் வரை சுமார் 85 கிலோமீட்டர். மாலையில் அதே தூரம் திரும்ப வேண்டும். கட்டட வேலை, கடை வேலை, காவல் வேலை, படித்தவர்களுக்குக் கம்பெனி வேலை. பெங்களூரில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. தங்க வயலின் லைன் வீடு சிறியதானாலும் இருக்கிறது. எனவே ஒரு நாளில் நாலைந்து மணி நேரத்தை ரயிலுக்குக் கொடுக்கிறார்கள். வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்தாலே ஆயிரம் கிலோமீட்டர் ஆகிறது. எந்தச் சாகசப் பட்டியலிலும் இது சேராது.

பையன்களில் சிலர் இப்போது பைக்கிலேயே போய் வருகிறார்கள். ரயில் தாமதமானால் அரைநாள் சம்பளம் போகிற இடத்தில் பெட்ரோல் செலவைக் கணக்குப் பார்க்க முடியாது.

ஊருக்குள் மிச்சமிருப்பது 13 சயனைடு மேடுகள். தங்கம் பிரித்த பின் கொட்டிய அரைத்த மண். காற்றடிக்கும் மாதங்களில் தூசி வீட்டுக்குள் வரும். அந்தக் கழிவிலும் கொஞ்சம் தங்கம் உண்டு என்பதால், ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரவிய இந்த மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. மேட்டைக் கரைக்க இயந்திரங்கள் போதும், பழைய சுரங்கத்தைப் போல ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்படாது. ஏலத்தில் எடுப்பவர் யாராக இருந்தாலும், மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் காலியாகக் கிளம்பும் என்று ஊரில் யாரும் எதிர்பார்க்கக் காரணமில்லை.