5/2 பிப்ரவரி 5 ஆகாம இருக்க: எக்செல்ல நம்ம சொந்த ஸ்டைல்

இன்னைக்கு முழுக்க எக்செல்தான், ஓடிடாதீங்க.

கல்வராயன் மலை தாலுகாவோட தலைமையிடம் வெள்ளிமலை. 2019ல விழுப்புரத்துல இருந்து பிரிஞ்ச கள்ளக்குறிச்சி மாவட்டம். அங்க இருக்கிற நண்பர் ஒருத்தருக்கு நில விவரப் பட்டியலை பைத்தான்ல தயார் பண்ணித் தர்றேன். கிராமம், பட்டா எண், சர்வே நம்பர், மரவள்ளி போட்ட பரப்பு.

இதுல வில்லன் சர்வே நம்பர்தான். 5/2ன்னு டைப் பண்ணா எக்செல் அதை பிப்ரவரி 5ன்னு எடுத்துக்கும் (அமெரிக்க செட்டிங்னா மே 2!). அப்புறம் ‘டெக்ஸ்ட்’னு மாத்தினாலும் பழைய 5/2 வராது. 2024ல அடிச்சிருந்தா 45327ன்னு நிக்கும். எக்செலுக்குத் தேதின்னா 1900 ஜனவரி 1ல தொடங்கின நாள் கணக்கு, அவ்வளவுதான். உட்பிரிவு எண் போயிட்டா, அது யாரோட துண்டுன்னு அந்தப் பட்டியலை வெச்சு சொல்லவே முடியாது.

இதுக்கு ஓபன்பைஎக்செல் லைப்ரரியில ‘நேம்டு ஸ்டைல்’னு ஒண்ணு இருக்கு. ‘சர்வே’ன்னு ஒரு பேர் வைங்க. நம்பர் ஃபார்மட்டா ‘@’ கொடுங்க. டெக்ஸ்ட்டுக்கு அதுதான் குறி. ஃபான்ட், பார்டர் எல்லாம் அதுக்குள்ளேயே சேர்த்து, ஒர்க்புக்ல பதிவு பண்ணிடுங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு செல்லுக்கும் பேரைச் சொன்னா போதும்.

கோடு எழுதுற டேட்டா தப்பிச்சிடும், ஏன்னா அது ஸ்ட்ரிங்காவே போகுது. மாட்டுறது நண்பர் நாளைக்குக் கீழே புதுசா அடிக்கப்போற வரிதான். அதனால காலியா இருக்கிற அடுத்த 200 வரிக்கும் லூப் ஓட்டி அதே ஸ்டைலைப் போட்டுடுங்க.

ரெண்டு விஷயம் கவனிங்க. ஸ்டைலை செல்லுக்குக் கொடுத்த பிறகு கோடுல அதை மாத்தினா, அந்த செல் மாறாது. முழுசா முடிச்சிட்டுக் கொடுங்க. ஏற்கெனவே போல்டு பண்ணின செல்லுக்கு ஸ்டைல் போட்டா அந்த போல்டு போயிடும். முதல்ல ஸ்டைல், அப்புறம் போல்டு.

செல் செல்லா ஃபார்மட் பண்ணா என்னன்னு கேப்பீங்க. ஒரு ஃபைல்ல 65,490 விதமான ஃபார்மட் வரைக்கும் எக்செல் தாங்கும், நம்ம பட்டியல் அங்க போகாது. என் காரணம் வேற. பைத்தானே தெரியாத நண்பருக்கு, ஹோம் டேப்ல ‘செல் ஸ்டைல்ஸ்’ திறந்தா ‘சர்வே’ன்னு தமிழ்லயே தெரியும். பார்டர் பிடிக்கலையா, அதுல ரைட் கிளிக் பண்ணி ‘மாடிஃபை’ கொடுத்தா, அந்த ஸ்டைல் இருக்கிற எல்லா செல்லும் ஒரே நேரத்துல மாறிடும்.