உனக்கு எந்த ஊர்?



பெங்களூர் ஆஸ்டின் டவுனில் குடியிருக்கும் நம்மவர் வீட்டுப் பிள்ளை ஒன்றை அழைத்து, "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை சற்றே தயங்கும். பிறந்து வளர்வது பெங்களூர். அப்பா சொல்லும் ஊரோ தஞ்சாவூர்ப் பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். இத்தயக்கத்தைக் கண்டு கவலையுறும் பெற்றோர் பலர். நாமும் அவருள் ஒருவரே. இதே தயக்கத்தோடு நம் நாட்டில் வளர்ந்த வேறொரு கூட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம். ஐரோப்பாவினின்றும் அமெரிக்காவினின்றும் வந்த பாதிரிமாரின் பிள்ளைகளே அவர்கள்.

ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்ற பெயரும் உண்டு. 1894-ஆம் ஆண்டில் கன்னடத்துக்குப் பேரகராதி ஒன்றை அளித்த ஜெர்மானியப் பாதிரியார் பெர்டினாண்டு கிட்டலின் பெயர் அது. ஆகவே, இப்பேச்சை இவ்விடத்திலிருந்து தொடங்குவது பொருத்தமே.

அப்பிள்ளைகளின் அன்றாட வாழ்வு எப்படி இருந்தது? பெற்றோர் பள்ளி, மருத்துவமனை, கிராமப் பயணம் என்று அலைந்தனர். குழந்தை ஆயாவின் இடுப்பில் வளர்ந்தது. ஆகையால் தாய்மொழிக்கு முன்னரே ஆயாவின் மொழி வாயில் வந்த குழந்தைகளும் உண்டு. வீட்டுக்குள் ஒரு நாட்டின் உணவும் பாட்டும். வாயிற்படி தாண்டினால் மற்றொரு நாடு. பிள்ளைக்கு இவ்விரண்டும் இயல்பாகவே இருந்தன.

ஆறேழு வயதானதும் பிரிவு வந்தது. வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சியும், கல்வியைக் கருதியும், சொந்த நாட்டை மறந்துவிடுவரோ என்று எண்ணியும் பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பினர். மலையாள அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட்டின் மகள் மேரி 1842-இல் தலைச்சேரியில் பிறந்தவர். சிறு குழந்தையாக ஐரோப்பாவில் விடப்பட்ட அவர், 1857-இல்தான் இந்தியா திரும்பிப் பெற்றோரைச் சேர்ந்தார். புகழ்பெற்ற எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே இவருடைய மகன். இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடரும் இவ்வாறே சிறுமியாய் அமெரிக்காவில் உறவினரிடம் விடப்பட்டார். இப்பிரிவின் துயரைக் குறைக்கவே, 1901-இல் கொடைக்கானலில் மிஷனெரிப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தோன்றியது. கோடையில் பெற்றோர் மலையேறி வந்து பிள்ளைகளுடன் சில வாரங்களேனும் தங்க முடிந்தது.

இனி, அப்பிள்ளைகள் என்னவானார்கள் என்று பார்ப்போம். ஐடா 1890-இல் நோயுற்ற தாயைக் கவனிக்க வந்தாரேயன்றி, இங்கே தங்கும் எண்ணத்தோடு வரவில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்டார். ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட அக்குடும்பங்கள் இசையவில்லை. அவர் மருத்துவம் கற்றுத் திரும்பினார். வேலூரில் 1902-இல் மருத்துவமனையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன.

பெங்களூரிலேயே 1837-இல் பிறந்தவர் லூயிஸ் ரைஸ். லண்டன் மிஷனைச் சேர்ந்த அவர் தந்தை பெஞ்சமின் ரைஸ் கன்னடப் பள்ளிகளை வளர்த்தவர். இங்கிலாந்தில் பயின்ற மகன், 1860-இல் தலைமையாசிரியராகப் பிறந்த ஊருக்கே மீண்டார். பின்னர்க் கல்வி அதிகாரியாக மைசூர் நாட்டில் சுற்றியபோது, கேட்பாரற்றுக் கிடந்த கல்வெட்டுக்கள் அவர் கருத்தைக் கவர்ந்தன. 1886 முதல் 1905 வரை 'எபிகிராபியா கர்னாடிகா' பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. ஏறத்தாழ 9,000 கல்வெட்டுக்கள் அதனால் உலகுக்குத் தெரியவந்தன. அவற்றுள் தமிழ்க் கல்வெட்டுக்களும் உண்டு. ஆஸ்டின் டவுனுக்கு அண்மையிலுள்ள தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிற் கல்வெட்டுக்களுள் பல தமிழில் அமைந்தவை. பாளையம் தோன்றிய 1809-க்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தமிழ் இப்பகுதியில் வழங்கிற்று என்பதற்கு அவை சான்று. அயல்நாட்டார் ஒருவரின் மகன் நமக்கும் சேர்த்துச் செய்த தொண்டு இது.

அவர்கள் நிலையும் நம் நிலையும் ஒன்றல்ல. ஆளும் இனத்தின் செல்வாக்கு அவர்களுக்குத் துணையாயிருந்தது. நம்மவரோ பிழைப்பை நாடி வந்தவர். எனினும் பிள்ளையின் உள்ளம் ஒன்றுதான். 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த ரூத் ஹில் யூசீம் என்னும் அறிஞர், இத்தகைய பிள்ளைகள் பெற்றோர் பண்பாட்டையும் வாழுமிடப் பண்பாட்டையும் முழுமையாகச் சாராமல் மூன்றாவதொன்றில் வளர்கின்றனர் என்று கண்டார். இதைக் குறை என்றே கொள்ள வேண்டியதில்லை. பேணினால் செல்வம், பேணாவிடில் தனிமை.

பேணுவது எவ்வாறு? நம் அனுபவம் ஒன்றைச் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து பாட்டி எழுதிய கடிதத்தை நம் மகனிடம் கொடுத்தோம். தமிழ் சரளமாகப் பேசும் பிள்ளை, கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்களே படித்துச் சொல்லுங்கள், அப்பா" என்றான். எழுத்துக் கற்பிக்கவில்லை என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது. அலுவலகத்தில் நாள் முழுதும் மொழிபெயர்க்கும் நாம், வீட்டில் ஒரு பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்க நேர்ந்தது! அன்று மாலையே அரிச்சுவடி வாங்கினோம். நாள்தோறும் கால் மணி நேரம் போதுமானதாயிருந்தது. ஆறு மாதத்தில் பாட்டிக்கு அவன் கைப்படவே பதில் போயிற்று.

அதனோடு மற்றொன்றும் வேண்டும். வாழும் மண்ணின் மொழியைப் பிள்ளைகள் செவ்வையாகக் கற்கட்டும். அம்மொழியை இகழும் ஒரு சொல்லும் அவர்கள் காதில் விழ வேண்டாம். கன்னடத்தைக் கற்றதால்தான் ரைஸ் இந்நாட்டின் வரலாற்றைக் கல்லினின்று வெளிக்கொணர்ந்தார்.

"உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், நம் மகன் இப்போது தயங்குவதில்லை. "பாட்டி ஊரும் என் ஊர், இந்த ஊரும் என் ஊர்" என்கிறான். கணக்குப்படி ஊர் ஒன்றுக்கு இரண்டாயிற்று. இதில் நமக்கு நட்டம் என்ன?