இரும்பு மனிதனுக்கு என்ன கூலி?

திருச்சியில் காவிரிப் பாலத்தைத் தெரியாதவர் உண்டா? 1976-ல் கட்டியது. சிந்தாமணியில் ஏறினால் மாம்பழச் சாலையில் இறங்கலாம். நீளம் சுமார் 541 மீட்டர்.

அந்தப் பாலத்தைப்போல ஏழு மடங்கு தூரம் ஆற்றில் நீந்துங்கள். கரையேறியதும் தலையைக்கூடத் துவட்டாமல் சைக்கிளை எடுத்து, சென்னை ரோட்டில் விழுப்புரம் தாண்டும் வரை மிதியுங்கள். பிறகு சைக்கிளை ஓரமாகப் போட்டுவிட்டு, திருச்சியிலிருந்து கிட்டத்தட்ட வல்லம் வரை போகிற தூரத்தை ஓடியே கடந்துவிடுங்கள். எல்லாம் ஒரே நாளில்!

'எதுக்கு சார்... பஸ் ஓடலையா?' என்கிறீர்களா? இதற்குப் பெயர் நெடுந்தூர ட்ரையத்லான். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். சரி, இவ்வளவும் செய்து ஜெயித்தால் என்ன கொடுப்பார்கள்? அங்கேதான் இருக்கிறது சமாசாரம்.

பொம்மையும் பீரும்

ஓட்டக்காரனுக்குத் தெம்பு அதிகமா, நீச்சல்காரனுக்கா? ஹவாயில் இப்படி ஒரு வாய்ச்சண்டை. ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, அங்கே இருந்த மூன்று தனித்தனிப் பந்தயங்களை ஒன்றாக முடிச்சுப் போட்டார். முடிப்பவன் 'இரும்பு மனிதன்'!

1978 பிப்ரவரி 18-ம் தேதி 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு ஆன நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. இரண்டாவதாக வந்த ஜான் டன்பருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோய், கூட வந்த நண்பர்கள் பீர் கொடுத்துச் சமாளித்ததாகச் சொல்வார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் அவசரமாகப் பெயர் கொடுக்கக் கிளம்ப வேண்டாம்!)

பரிசு? காலின்ஸ் கையாலேயே செய்த ஓர் உலோகப் பொம்மை.

1982-ல் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, பெண்களில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தவர், முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார், கடைசியில் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். அதற்குள் 29 விநாடியில் முதலிடம் பறிபோயிருந்தது. டி.வி.யில் பார்த்த அமெரிக்கா கண் கலங்கியது. பந்தயம் பிரபலமானது. வீரர்களுக்குக் கிடைத்ததோ கைதட்டல்தான். கைதட்டலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தக் கடையில் சார் ஷூ தருவான்?

அதே 1982-ல் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் ஒரு நெடுந்தூர ட்ரையத்லான் ஆரம்பமானது. அங்கே ரொக்கப் பரிசு! ஹவாய்க்காரர்கள் மசியவில்லை. 1985-ல் பெரிய கைகள் பலர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மறு வருஷம் பெயர் சொல்ல விரும்பாத ஒரு புண்ணியவான் ஒரு லட்சம் டாலரை எடுத்து வைத்தார். முந்தின வருஷம் வராத டேவ் ஸ்காட் 1986-ல் வந்தார், ஜெயித்தார்.

கோடிக்கும் தெருக்கோடிக்கும் நடுவே

நம் ஊருக்கு வருவோம். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு முன்பு, 2021-ல், தமிழக அரசு அறிவித்தது: தங்கத்துக்கு 3 கோடி, வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்கு 1 கோடி. அந்த வருஷம் இந்திய தடகள அணிக்குத் தேர்வான தமிழகத்தார் ஐந்து பேரில் ஆரோக்ய ராஜீவ், சுபா வெங்கடேசன், தனலட்சுமி சேகர் ஆகிய மூவரும் திருச்சி மாவட்டத்துக்காரர்கள். மார் தட்டிக்கொள்ள வேண்டிய விஷயம்!

ஆனால் அந்தக் கோடியெல்லாம் உச்சியில் இருக்கிறது. மலைக்கோட்டை ஏறுகிறவனுக்கு உச்சிப் பிள்ளையார் தரிசனம் மட்டும் போதாது, நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கப் படியும் வேண்டும். அந்தப் படிதான் சின்னப் பந்தயங்களின் பரிசுப் பணம். முட்டைக்கும் பாலுக்கும் ஷூவுக்கும் அதுதான் ஆதாரம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. கிராமத்துத் திடலில் ராப்பகலாக இறங்காமல் சைக்கிள் விடுவாரே ஒருவர், ஞாபகமிருக்கிறதா? மைக் செட்டில் பாட்டு ஒலிக்க, அவர் சட்டையில் ஊரார் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். ஐந்து, பத்துதான். ஆனால் அவரிடம் யாரும் 'செக் தபாலில் வரும்' என்று சொன்னதில்லை!

ஒரு கணக்கு

திருச்சியில் நாலு இளவட்டங்கள் சேர்ந்து, பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், ஒரு ட்ரையத்லான் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 3,000 ரூபாய் கட்டணம், நூறு பேர். மூன்று லட்சம் வசூல். உள்ளூர்க் கடைக்காரர்கள் சேர்ந்து 54,000 ரூபாய் ஸ்பான்சர்.

இங்கேதான் சபலம் தட்டும். 'வசூலிலிருந்தும் கொஞ்சம் எடுத்து முதல் பரிசு ஒரு லட்சம்னு போஸ்டர் அடிச்சா கூட்டம் பிச்சுக்கும்டா!' அப்போது எதில் கை வைப்பார்கள்? படகில், ஆம்புலன்ஸில், நீச்சல் காவலரில்.

கூடவே கூடாது. காவிரிச் சுழல் போட்டிக்காரனென்று பார்க்காது. காவிரி, கொள்ளிடப் பக்கம் முதலை நடமாட்டமும் உண்டு. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குக் கஜேந்திர மோட்சக் கதையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நமக்காகக் கருடன் மேல் ஏறி யாரும் வரப்போவதில்லை. படகுதான் வர வேண்டும்.

ஆகவே, கட்டணப் பணம் உயிர்க் காவலுக்கு, ஸ்பான்சர் பணம் பரிசுக்கு. ஸ்பான்சர் கழன்றுகொண்டால் பரிசைக் குறைக்கலாம், படகைக் குறைக்கக் கூடாது.

சரி, 54,000-ஐ எப்படிப் பிரிப்பது? ஒரே ஆளிடம் கொடுத்தால் பேப்பரில் போட்டோ நன்றாக வரும், அவ்வளவுதான். மூன்றாகப் பிரியுங்கள்: ஆண்களுக்கு 18,000, பெண்களுக்கு 18,000, குழுவுக்கு 18,000. ஒவ்வொன்றிலும் 9,000, 6,000, 3,000 என்று மூன்று பரிசு.

'பெண்கள் பத்துப் பேர்கூட வரமாட்டாங்களே, அவங்களுக்கு எதுக்குச் சரிபாதி?' என்று ஒரு குரல் கேட்கும். பெண்கள் இறங்கினார்களென்று காவிரி அகலம் குறைத்துக்கொள்வதில்லை. விழுப்புரமும் கிட்டே வருவதில்லை.

அதென்ன குழு? ஒருவர் நீந்த, ஒருவர் சைக்கிள் மிதிக்க, ஒருவர் ஓட என மூன்று பேர் சேர்ந்து ஒரு பந்தயம். பல ஊர் ட்ரையத்லான்களில் இந்தப் பிரிவு உண்டு. நல்ல ரேஸ் சைக்கிள் ஒன்று மோட்டார் பைக் விலை விற்கிறது. ஓடத் தெரிந்த லால்குடிப் பையனுக்கு அதற்கு வழியேது? ஸ்ரீரங்கத்தில் நீச்சல் பழகிய ஒருவரும் சைக்கிள் வைத்திருக்கும் ஆபீஸ்காரர் ஒருவரும் அவனோடு கூட்டுச் சேர்ந்தால், மூன்று வீட்டுக்குப் பரிசுப் பணம் போகும்.

ஆபீஸ் முடிந்து தொப்பையைக் குறைக்க ஓடும் நமக்குப் பரிசு கிடைக்கப்போவதில்லை. பரவாயில்லை. நம் 3,000 ரூபாய் எதற்குச் செலவாகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள மட்டும் தயங்காதீர்கள். எத்தனை படகு, எத்தனை காவலர், பரிசு யார் பணம்... இந்த மூன்றையும் நோட்டீஸில் அச்சடிக்கச் சொல்லுங்கள். அச்சடிக்கத் தயங்கும் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.

வழக்கப்படி மேட்டூர் அணை திறக்கும் தேதி ஜூன் 12. தண்ணீர் வருவது காவிரித் தாயின் பாடு. ஜெயித்தவர்களே, பணத்தை மட்டும் அன்றைக்கே மேடையிலேயே எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்!