பல் மேல் விழும் பழி

ஒரு கன்னத்தில் மட்டும் நாலு நாள் தாடியோடு ஒருவர் வந்து உட்காருகிறார். எங்கே வலி என்று கேட்டால், காட்ட வந்த விரல் கன்னத்துக்கு ஓரங்குலம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. தொடப் பயம். அனுபவமுள்ள டாக்டருக்குப் பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்: டிரைஜெமினல் நியூரால்ஜியா.

முகத்தின் தொடுகை, சூடு, வலி எல்லாவற்றையும் மூளைக்குச் சொல்வது ஐந்தாம் மூளை நரம்பு. நெற்றிக்கு ஒரு கிளை, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. பல்லுக்கும் இதே நரம்புதான் என்பதால் பழி பல் மேல் விழுகிறது. சொத்தையே இல்லாத பல்லைப் பிடுங்கியும் வலி தீராதவர்கள் உண்டு.

இந்த வலி ஷாக் அடித்தாற்போல வெட்டும். சில விநாடி, மிஞ்சினால் 2 நிமிடம். பல் தேய்ப்பது, மெல்லுவது, பஸ் ஜன்னல் காற்று, எதுவும் போதும். பெரும்பாலும் 50 வயதுக்கு மேல்தான் வரும்; பெண்களுக்கு அதிகம். மூளைத்தண்டை ஒட்டி ஓடும் ரத்தக்குழாய் ஒன்று, துடிக்கும்போதெல்லாம் நரம்பின் வேரை இடித்துக்கொண்டே இருக்கிறது. நாளடைவில் மயலின் உறை தேய்ந்து, தொடுகைச் செய்தி வலி இழைக்குத் தாவிவிடுகிறது. சாதாரண வலி மாத்திரை இதற்குப் பலிப்பதில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபைன் பலிக்கிறது. அதுவும் போதாதபோது அறுவை சிகிச்சை. 1960களில் அமெரிக்க டாக்டர் பீட்டர் ஜேனெட்டா மைக்ராஸ்கோப்பின் துணையோடு ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கிவைத்தார். இன்று இரண்டுக்கும் நடுவே டெஃப்லான் பஞ்சை வைக்கிறார்கள்.

அக்கிக்குப் பின் வரும் வலியின் குணமே வேறு. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பு முடிச்சில் தூங்கிக் கிடந்து, பிறகொரு நாள் கொப்புளமாகக் கிளம்புகிறது. கொப்புளம் காய்ந்தாலும் நாள் முழுக்க எரியும். சட்டைத் துணி பட்டாலும் தாங்காது. நெற்றியில், கண்ணோரம் வந்தால், காவி குழைத்து அக்கி எழுதிவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

விழுங்கும்போது தொண்டையிலும் காதுக்குள்ளும் வெட்டினால் அது ஒன்பதாம் நரம்பு. அபூர்வம்தான், ஆனால் சிலருக்கு இதயத்துடிப்பு குறைந்து மயக்கமே வந்துவிடும்.

முகம் கோணுகிற வாதத்தை இவற்றோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது தசையை அசைக்கும் ஏழாம் நரம்பின் கோளாறு.

சரி, பல்வலி எப்படி? மணிக்கணக்கில் விண்விண் என்று தெறிக்கும். ராத்திரி எழுப்பி உட்காரவைக்கும். பல் டாக்டர் சின்னக் கம்பியால் தட்டினால் அந்தப் பல் மட்டும் கூசும். தட்டியும் எந்தப் பல்லும் அசரவில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை என்றால், அவரே நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்.